அமெரிக்கக் கல்லூரியில் நிதியுதவி: பணம் கேட்டால் அட்மிஷன் வாய்ப்பு குறையுமா?

‘மார்க் இருந்தா போதும், அமெரிக்காவுல ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூப்பிடுவாங்க’ என்ற பேச்சை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். இது பாதி உண்மை. அமெரிக்காவின் சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவரின் நான்கு ஆண்டுச் செலவு மொத்தத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் ‘எனக்கு நிதியுதவி வேண்டும்’ என்று விண்ணப்பத்தில் டிக் செய்வதே அட்மிஷன் வாய்ப்பைக் குறைக்கும்.

நம்ம ஊரில் சீட் வேறு, பணம் வேறு. முதலில் சீட் வாங்குவோம், அப்புறம் கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் அலைவோம். அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் முடிவாகின்றன. ‘அட்மிஷன் வரட்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கலாம்’ என்று இருப்பவர்கள்தான் கடைசியில் கையில் கடிதமும் மனதில் ஏமாற்றமுமாக நிற்கிறார்கள்.

இந்த முறை எப்படி இயங்குகிறது? யாருக்கு உண்மையில் வாய்ப்பு இருக்கிறது?

முதலில், செலவு எவ்வளவு?

ஹார்வர்டில் 2025-26 கல்வியாண்டுக்கான கல்விக் கட்டணம், இதரக் கட்டணங்கள், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 86,926 டாலர். ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலே, ஆண்டுக்குச் சுமார் 74 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3 கோடி. விமான டிக்கெட், புத்தகம், மருத்துவக் காப்பீடு தனி.

ஆனால் இது போர்டில் எழுதிய விலை. எல்லோரும் இதைக் கட்டுவதில்லை. ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலர் வரை உள்ள, வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பங்கள் எதுவும் கட்ட வேண்டாம் என்று 2025-26 முதல் ஹார்வர்டு அறிவித்தது. 2 லட்சம் டாலர் வரை என்றால் கல்விக் கட்டணம் இலவசம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே நிதியுதவிக் கொள்கைதான்.

1 லட்சம் டாலர் என்பது சுமார் 85 லட்சம் ரூபாய். இந்தியாவின் மிகப் பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. அப்படியென்றால் பணம் பிரச்சினையே இல்லையா? உள்ளே நுழைந்தவர்களுக்கு இல்லை. நுழைவதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் படிக்கும் இந்தியர்களின் கணக்கிலேயே இது தெரியும். ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கைப்படி 2023-24-ல் அங்கிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அதில் இளநிலைப் படிப்பில் இருந்தவர்கள் 36,053 பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலானோர் முதுநிலை, பிஎச்டி மாணவர்கள், படிப்பை முடித்து ஓபிடி என்ற பயிற்சி அனுமதியில் வேலை பார்ப்பவர்கள்.

அமெரிக்க அரசு உதவாதா?

உதவாது. பெல் கிராண்ட், மத்திய அரசின் மாணவர் கடன் போன்றவை அமெரிக்கக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே. எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. ‘ஃபாஃப்சா நிரப்பினீங்களா?’ என்று யாராவது கேட்டால் குழம்ப வேண்டாம். அது அந்த அரசு உதவிக்கான படிவம், உங்களுக்கானது அல்ல.

எனவே வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கும் பணம் பெரும்பாலும் கல்லூரியின் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும். முன்னாள் மாணவர்களும் கொடையாளர்களும் தந்து, முதலீடு செய்து வளர்த்த அறக்கட்டளை நிதிதான் அந்தப் பை. ஹார்வர்டிடம் இருப்பது 5,000 கோடி டாலருக்கும் மேல். அந்த அளவு நிதி இல்லாத கல்லூரி, வெளிநாட்டு மாணவரைக் கட்டணம் கட்டும் வருமானமாகவே பார்க்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்கு வருமான அடிப்படையிலான உதவி தருவதில்லை.

நீட்-பிளைண்ட், நீட்-அவேர்: என்ன வித்தியாசம்?

இங்கே ‘நீட்’ என்பது நம்ம ஊர் மருத்துவத் தேர்வு அல்ல. ‘தேவை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்.

நீட்-பிளைண்ட் என்றால், இடம் தரலாமா என்று முடிவெடுக்கும்போது உங்கள் பணத் தேவையைப் பார்க்கவே மாட்டார்கள். நிதியுதவி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இந்த முறையைப் பின்பற்றி, தேவைப்படும் முழுத் தொகையையும் தரும் கல்லூரிகளின் பட்டியல் மிகச் சிறியது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன், நோட்ர டாம் ஆகியவை அதில் முக்கியமானவை.

நீட்-அவேர் என்றால், உங்களுக்கு எவ்வளவு பணம் தேவை என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுப்பார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென ஒதுக்கிய பட்ஜெட் ஒரு எல்லைக்கு உட்பட்டது. கிட்டத்தட்ட ஒரே தகுதியுள்ள இருவர் வந்தால், குறைவாகக் கேட்பவருக்கோ கேட்காதவருக்கோ வாய்ப்பு அதிகம். ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, டியூக், சிகாகோ போன்ற பெரிய பெயர்களும் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் இந்த ரகம்தான். உள்நாட்டு மாணவர்களுக்கு நீட்-பிளைண்ட், வெளிநாட்டவருக்கு நீட்-அவேர் என்று ஒரே கல்லூரியில் இரண்டு விதிகள் இருப்பது சகஜம். கல்லூரி இணையதளத்தின் முதல் பக்கத்தில் ‘நீட்-பிளைண்ட்’ என்று பார்த்ததுமே சந்தோஷப்படாமல், வெளிநாட்டு மாணவர்களுக்கான பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

இந்தக் கொள்கைகள் நிரந்தரமும் அல்ல. டார்ட்மத் ஒருகாலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு நீட்-பிளைண்ட் முறையைக் கொண்டுவந்து, பிறகு கைவிட்டு, 2022-ல் மீண்டும் தொடங்கியது. பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் தந்த 4 கோடி டாலர் நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. வில்லியம்ஸ் கல்லூரி 2010-ல் நிதி நெருக்கடியைக் காட்டி இதை நிறுத்தியது.

நீட்-பிளைண்ட் என்பதால் சுலபம் என்றும் அர்த்தமில்லை. எம்ஐடியில் வெளிநாட்டு விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இடம் கிடைக்கிறது. உலகம் முழுவதும் பணம் இல்லாத திறமைசாலிகள் எல்லோரும் இதே சின்னப் பட்டியலுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள்.

‘தேவை’யை யார் கணக்கிடுவது?

குடும்பம் அல்ல, கல்லூரி. சூத்திரம் எளிமையானது: ஓர் ஆண்டின் மொத்தச் செலவில் இருந்து, உங்கள் குடும்பத்தால் கட்ட முடியும் என்று கல்லூரி கணக்கிடும் தொகையைக் கழித்தால் மிச்சம் வருவதுதான் தேவை.

மொத்தச் செலவு 85,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குடும்பம் 6,000 டாலர் கட்டலாம் என்று கல்லூரி முடிவு செய்தால், தேவை 79,000 டாலர். ‘முழுத் தேவையையும் நிறைவு செய்கிறோம்’ என்று சொல்லும் கல்லூரி அந்த 79,000-ஐயும் தரும். அப்படிச் சொல்லாத கல்லூரி 40,000 தந்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம் 39,000 டாலர், ஆண்டுக்கு 33 லட்சம் ரூபாய், உங்கள் தலையில். ‘40,000 டாலர் ஸ்காலர்ஷிப்’ என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு அது இடம் கிடைக்காததற்குச் சமம்.

அதனால் ஒவ்வொரு கல்லூரியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, வெளிநாட்டு மாணவரின் பணத் தேவை அட்மிஷன் முடிவைப் பாதிக்குமா? இரண்டு, இடம் கொடுத்தால் முழுத் தேவையையும் தருவீர்களா? முதல் கேள்விக்கு ‘பாதிக்கும்’ என்று பதில் வந்தாலும், இரண்டாவதற்கு ‘தருவோம்’ என்றால் அந்தக் கல்லூரி உங்கள் பட்டியலில் இருக்கலாம். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால், மீதியை எங்கிருந்து கொண்டுவருவது என்று விண்ணப்பிக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

அப்போ, கேட்கலாமா வேண்டாமா?

இதுதான் பல வீடுகளில் சண்டையாகும் கேள்வி.

ஆண்டு வருமானம் 5 லட்சம், 10 லட்சம் என்று இருக்கும் வீட்டில் குழப்பமே வேண்டாம். கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் இடம் வாங்கினாலும் போக முடியாது. இவர்களுக்கு ‘பணம் கேட்டால் வாய்ப்பு குறையும்’ என்ற பயத்தைவிட, முழுத் தேவையையும் தரும் கல்லூரிகளை மட்டும் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம்.

உண்மையான சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்கு. கணவன், மனைவி இருவரும் வேலை பார்த்து, ஆண்டுக்கு 30, 40 லட்சம் வரும் வீடு. சொந்த ஃபிளாட், அதன் மேல் ஹோம் லோன், கொஞ்சம் சேமிப்பு. ஆண்டுக்கு 74 லட்சம் இவர்களாலும் முடியாது. ஆனால் ‘முதல் வருஷம் சமாளிச்சிட்டா, உள்ளே போன பிறகு ஸ்காலர்ஷிப் வாங்கிடலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். பெரும்பாலான நீட்-அவேர் கல்லூரிகளில் இந்தக் கதவு மூடியிருக்கும். ஸ்டான்ஃபோர்டு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: விண்ணப்பிக்கும்போது நிதியுதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், நான்கு ஆண்டுகளிலும் கேட்க முடியாது. எனவே விண்ணப்பத்தில் ‘வேண்டாம்’ என்று டிக் செய்வது, நான்கு ஆண்டுச் செலவையும் ஏற்கிறோம் என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அதைச் செய்யும் முன் நான்கு ஆண்டுக் கணக்கையும் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

‘எர்லி டிசிஷன்’ முறையிலும் கவனம் தேவை. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று ஒப்புக்கொண்டு ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை இது. கல்லூரி தரும் நிதியுதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ள வழி உண்டு. ஆனால் பல கல்லூரிகளின் நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் கிடையாதா?

உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகள் மார்க்குக்காகவோ விளையாட்டுக்காகவோ ஸ்காலர்ஷிப் தருவதில்லை. அங்கே எல்லாமே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். ‘ஹார்வர்டு மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றோம்’ என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

மெரிட் ஸ்காலர்ஷிப் தருபவை வேறு கல்லூரிகள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன் திட்டம், வெளிநாட்டு மாணவர்களுக்கும் முழுச் செலவை ஏற்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்களுக்கு மட்டுமேயான டாடா ஸ்காலர்ஷிப் இருக்கிறது. டாடா அறக்கட்டளை 2008-ல் அளித்த நன்கொடையில் உருவான இது, இந்தியாவில் பள்ளிப் படிப்பு முடித்து, நிதியுதவி தேவைப்படும் இளநிலை மாணவர்களுக்கானது. கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரி 1892-லிருந்து யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. சேரும் வெளிநாட்டு மாணவர்கள் அனைவருக்கும் முதல் ஆண்டின் முழுச் செலவையும் அதுவே ஏற்கிறது. பதிலுக்கு எல்லா மாணவர்களும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். இவை எதிலுமே இடங்கள் மிகக் குறைவு.

மற்றபடி, நடுத்தர நிலையில் உள்ள பல பல்கலைக்கழகங்கள் 10,000, 20,000 டாலர் என்று கட்டணத்தில் தள்ளுபடி தருகின்றன. இங்கே பார்க்க வேண்டியது எவ்வளவு தள்ளுபடி என்பதை அல்ல, தள்ளுபடி போக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பல தனியார் கல்லூரிகள் கேட்பது சிஎஸ்எஸ் புரொஃபைல். எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் ஆன்லைன் படிவம் இது. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொரு கல்லூரிக்கும் 16 டாலர் கட்டணம். இதுவே பாரம் என்றால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிக் கட்டண விலக்கு கேட்கலாம். சில கல்லூரிகள் இதற்குப் பதிலாக இலவசமான வேறு படிவத்தை ஏற்கின்றன. விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்கு கேட்க முடியும்.

வருமான வரிக் கணக்கு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம், வீடு, நிலம், கடன் எல்லாம் கேட்பார்கள். விவசாயம், சிறு கடை என்று வரிக் கணக்கே தாக்கல் செய்யாத குடும்பமா? அதற்கும் வழி உண்டு. ஆண்டு வருமானம் எவ்வளவு, எதிலிருந்து வருகிறது என்று பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ் போன்றவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைத்து, இது போதுமா என்று கல்லூரியிடமே கேட்டுவிடலாம். தாத்தா, பாட்டி மருத்துவச் செலவு, தங்கை படிப்பு, வெளியில் வாங்கிய கடன் போன்றவற்றைச் சொல்லவும் படிவத்தில் இடம் உண்டு. அந்தப் பகுதியைக் காலியாக விடுவது உங்களுக்குத்தான் நஷ்டம்.

வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது, மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பக்கம் மட்டும் போகக் கூடாது. பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முழு நிதியுதவியோடு சேர்ந்த இந்திய மாணவர் ஒருவர், உயிரோடு இருக்கும் அப்பா இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ் தந்தது 2024-ல் வெளியே வந்தது. கைது, குற்ற ஒப்புதல், கல்லூரியிலிருந்து நீக்கம், கடைசியில் இந்தியா திரும்புதல் என்று முடிந்தது அந்த அமெரிக்கப் பயணம்.

எப்போது தொடங்க வேண்டும்?

பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகு யோசித்தால் அந்த ஆண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

• ஆகஸ்ட் 1: பல கல்லூரிகளுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பம் திறக்கும். அப்போது நீங்கள் பிளஸ் டூவில் இருப்பீர்கள்.
• அக்டோபர் 1: சிஎஸ்எஸ் புரொஃபைல் திறக்கும்.
• நவம்பர் தொடக்கம்: முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி.
• ஜனவரி முதல் வாரம்: பல கல்லூரிகளின் வழக்கமான விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி. நிதியுதவிப் படிவத்துக்குத் தனித் தேதி இருக்கும்.
• மார்ச் இறுதி: முடிவுகள்.
• மே 1: எந்தக் கல்லூரி என்று பதில் சொல்ல வேண்டிய நாள்.

நிதியுதவிப் படிவத்தின் தேதியைத் தவறவிடுவதும், உதவியே வேண்டாம் என்று சொல்வதும் பல இடங்களில் ஒன்றுதான்.

கடிதம் வந்தாச்சு. அதை எப்படிப் படிப்பது?

மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காமல், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘கிராண்ட்’, ‘ஸ்காலர்ஷிப்’ என்றால் திருப்பித் தர வேண்டாம். ‘லோன்’ என்றால் திருப்பித் தர வேண்டும். ‘ஒர்க்’ என்றால் கல்லூரியில் வேலை பார்த்து நீங்களே சம்பாதிக்க வேண்டியது. எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். மருத்துவக் காப்பீடும் விமான டிக்கெட்டும் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று வரி. கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தரும் உதவிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தரும் தொகைக்கு அமெரிக்காவில் வரி உண்டு. எஃப்-1 மாணவர்களிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். முழு ஸ்காலர்ஷிப்பில் போனவருக்கும் இதனால் திடீர் பில் வரலாம். ஆனால் இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி, இந்திய மாணவர்கள் அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவைக் கோரலாம். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இதைக் கேட்டால் பிடித்ததில் ஒரு பகுதியோ முழுவதுமோ திரும்பக் கிடைக்கும்.

தொகை போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம். அப்பாவின் வேலை போனது, குடும்பத்தில் அறுவை சிகிச்சை என்று நிலைமை மாறியிருந்தால் ஆதாரத்துடன் எழுத வேண்டும். பேரம் பேசுவது போல எழுதினால் எடுபடாது.

முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் கல்லூரி ஐ-20 படிவம் தரும். அது இல்லாமல் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியாது. கல்லூரியின் நிதியுதவிக் கடிதமும் இதற்கு ஆதாரமாகும். பற்றாக்குறை இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் குடும்பங்கள் அவசரமாக நிலத்தையும் நகையையும் பார்க்கின்றன. ஓர் ஆண்டுக்கு அப்படிச் சமாளித்தாலும், இன்னும் மூன்று ஆண்டுகள் பாக்கி இருக்கும்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

பணக்காரக் கல்லூரிகளின் அறக்கட்டளை முதலீட்டு வருமானத்துக்கு 2017-ல் 1.4 சதவீத வரி கொண்டுவரப்பட்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், மாணவருக்கு எவ்வளவு சொத்து என்ற கணக்கில் இதை 8 சதவீதம் வரை உயர்த்தியிருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு நிதியுதவி தருவதும் இதே நிதிதான். 2025 மே மாதத்தில் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவது சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. பிறகு, விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மீண்டும் தொடங்கியது. பிளஸ் ஒன் படிக்கும்போது தயாரித்த கல்லூரிப் பட்டியலை, விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம்.

முதுநிலை மாணவர்களுக்கும் இதே விதிகளா?

இல்லை. இதுவரை சொன்னதெல்லாம் இளநிலைக்கு. பிஎச்டியில் பெரும்பாலும் கட்டண விலக்கும், ஆய்வு அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலைக்கான மாதத் தொகையும் சேர்ந்தே கிடைக்கும். இரண்டு ஆண்டு எம்எஸ் படிப்பில் முழு உதவி அரிது. வேலையை விட்டுவிட்டு எம்எஸ் போக நினைப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் கல்விக் கடனை வைத்துத்தான்.

எங்கே விசாரிக்கலாம்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் ‘எஜுகேஷன்யுஎஸ்ஏ’ மையங்கள் எந்தக் கல்லூரியின் ஏஜென்ட்டும் அல்ல. சென்னையில் இது யுஎஸ்ஐஇஎஃப் அலுவலகத்தில் இயங்குகிறது. அதைவிட நேரடியான வழி, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மெயில் அனுப்புவது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் நான்கு வரியில் எழுதிக் கேட்கலாம். அங்கிருந்து எழுத்தில் வரும் பதில், ஏஜென்ட் வாயால் சொல்வதைவிட நம்பகமானது.

பட்டியல் போடும்போது முழுத் தேவையையும் தரும் நீட்-பிளைண்ட் கல்லூரிகள் சில, முழுத் தேவையையும் தரும் நீட்-அவேர் கல்லூரிகள் சில என்று கலந்து போடலாம். கூடவே ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், பிடித்த கலைக் கல்லூரி என்று இந்தியாவில் ஓர் இடத்துக்கான தயாரிப்பும் தொடரட்டும். நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் இடம் என்ற போட்டியில், மீதி 98 பேரில் ஒருவராக இருப்பது திறமைக் குறைவால் அல்ல. ஜூன் மாதம் அவர்களும் எங்கேயாவது ஒரு வகுப்பறையில் உட்கார வேண்டுமே.